செங்கோட்டையில் 940, புனலூரில் 1009

போன ஆவணி முழுவதும் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. ஸ்டுடியோ செங்கோட்டையில். கல்யாண வேலை மலைக்கு இரண்டு பக்கமும் வரும்: இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர், அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். நமக்கு ஆவணி, அவர்களுக்குச் சிங்கம் மாதம், முகூர்த்தமெல்லாம் சேர்ந்துதான் வரும். மூன்று கேமரா, ஒரு ட்ரோன், எல்லாமே 4கே. சீசன் முடிந்து மொத்தத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டுப் பார்த்தால், ஸ்டுடியோ கம்ப்யூட்டர் 940 ஜிபி என்று காட்டியது.

எடிட்டிங் செய்யும் தம்பி புனலூரில் இருக்கிறான். அவனிடம் இருப்பது மேக். போன் போட்டுக் கேட்டேன்.

"தம்பி, மொத்தம் 940 ஜிபி வருது. உன்கிட்ட இடம் இருக்கா?"

"புது டிரைவ் காலியாத்தான் கிடக்கு அண்ணாச்சி. ஆயிரம் ஜிபி இருக்கு. கொண்டு வாங்க."

ஆயிரத்தில் 940 போனால் 60 மிச்சம். சின்னப் பிள்ளை போடும் கணக்கு. டிரைவை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சட்டைக்கும் ரெயின்கோட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சாயங்கால மழையில் பைக்கில் ஆரியங்காவுக் கணவாயை ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். மேக்கில் மாட்டினோம். காப்பி ஆரம்பிக்கவே இல்லை. இடம் போதாதாம்.

ஃபோல்டரின் அளவைப் பார்த்தால் 1.01 டிபி. அதாவது 1009 ஜிபி. செங்கோட்டையில் 940 ஆக இருந்த சரக்கு புனலூருக்குள் எப்படி 69 ஜிபி கூடும்? வைரஸா? ஏதாவது இரண்டு தடவை காப்பி ஆகிவிட்டதா? ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, கிளிப் கிளிப்பாக எண்ணினோம். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் வீட்டுக்கு போன் போட்டு மகனை ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "940 ஜிபின்னுதான்ப்பா போட்டிருக்கு. பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பெரிய நம்பர் ஒண்ணு இருக்கு" என்றான். வாசிக்கச் சொன்னேன். ஒரு லட்சம் கோடியைத் தாண்டி இன்னும் தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி பைட். தம்பியும் மேக்கில் பைட் கணக்கைத் திறந்தான். இலக்கத்துக்கு இலக்கம் அதே எண். ஒரு பைட்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

விஷயம் இதுதான். கிலோ என்றால் ஆயிரம், மெகா என்றால் பத்து லட்சம், ஜிகா என்றால் நூறு கோடி, டெரா என்றால் ஒரு லட்சம் கோடி. ஜிபி என்பது ஜிகா பைட், டிபி என்பது டெரா பைட். உலகம் முழுக்க அளவுகளுக்கு இதுதான் பொருள். டிஸ்க் செய்கிறவர்களும் இந்தக் கணக்கில்தான் பெட்டியில் போடுகிறார்கள். ஆனால் என் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ் ஒவ்வொரு படிக்கும் 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுக்கிறது. வகுத்துவிட்டுப் போகட்டும், வந்த விடைக்குப் பக்கத்திலும் ஜிபி, டிபி என்றே எழுதுகிறது பாருங்கள், அங்கேதான் என் வயிறு எரிகிறது. வேறு அளவு, அதே பெயர்! ஆப்பிள் 2009-லேயே மேக்கில் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. ஆக அவன் திரையில் ஒரு ஜிபி, என் திரையில் வேறு ஜிபி. நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசியது ஒரே பாஷை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகும் லாரிகளைத் தினமும் பார்க்கிறேன். இந்தப் பக்கத்து எடை மேடையில் பத்து டன் என்றால் அந்தப் பக்கத்து எடை மேடையிலும் பத்து டன்தான். மலையேறியதும் பத்தே முக்கால் டன் என்று ஒரு மேடை சொன்னால் அந்த மேடைக்காரனைச் சும்மா விடுவார்களா? தேங்காய்க் கடைத் தராசுக்கும் முத்திரை உண்டு. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர் காட்டும் அளவுக்கு மட்டும் முத்திரை வேண்டாமா?

1024 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு நியாயமான பிறப்பு உண்டு. கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேம் சில்லில் ஒரு இடத்தைத் தேட முகவரிக் கம்பிகள் வேண்டும். ஒவ்வொரு கம்பியும் ஒன்று அல்லது பூஜ்யம், ஒரு கம்பி கூட்டினால் இடம் இரண்டு மடங்கு. பத்துக் கம்பிக்கு 1024 இடம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அந்தக் காலத்தில் அதையே கிலோ என்று கூப்பிட்டுவிட்டார்கள். ரேமுக்கு அது பொருந்தும். ஹார்ட் டிஸ்கில் அப்படிக் கம்பிக் கணக்கு எதுவும் கிடையாது. எத்தனை தடம், ஒரு தடத்தில் எத்தனை துண்டு என்பதைப் பொறுத்து எந்த எண்ணும் வரலாம். இன்டர்நெட் வேகமும் ஆயிரக் கணக்குதான். டிவிடி 4.7 ஜிபி என்பதும் ஆயிரக் கணக்குதான். பழைய ஃப்ளாப்பியின் 1.44 எம்பி இன்னும் மோசம், 1440-ஐ 1024-ஆல் பெருக்கி வந்தது அது. ஒரு படி ஆயிரம், அடுத்த படி 1024. எந்த முறைக்கும் சேராத எம்பி.

கிலோவில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம்தான், யாருக்கும் உறைக்கவில்லை. மெகாவில் கிட்டத்தட்ட 5. ஜிகாவில் 7.4. டெராவில் ஏறக்குறைய 10 சதவீதம். படி ஏற ஏற இடைவெளி பெருகிக்கொண்டே போகிறது. ஒரு டிபி டிஸ்க் வாங்கி மாட்டினால் 931 ஜிபி காட்டும். 8 டிபி வாங்கினால் 7.27. முக்கால் டிபியை யாரோ அடித்துக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

கடையில் கேட்டால் என்ன சொல்வார்கள்? "ஃபார்மேட் பண்ணும்போது கொஞ்சம் போயிடும் சார்." நானும் பத்து வருஷமாக அதை நம்பி, மற்றவர்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். ஃபார்மேட்டுக்குப் போவது சொற்பம். மிச்சமெல்லாம் வகுத்தலில் வந்த வித்தியாசம், எதுவுமே எங்கும் போகவில்லை. அமெரிக்காவில் 2000-களில் இதற்காக டிஸ்க் கம்பெனிகள்மேல் வழக்கே போட்டார்கள். சமரசம் ஆனது. இப்போது பெட்டியில் பொடி எழுத்தில் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று போடுகிறார்கள். திரையில் பெரிய எழுத்தில் தப்பாக வருவதை அந்தப் பொடி எழுத்து திருத்துமா?

என் தாத்தா இதே ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மன்னர் ஆட்சிக் காலத்தில் இங்கே இரண்டு விதமான ரூபாய் புழங்கியது. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம்; சக்கரம் என்பது அங்கத்துச் சில்லறைக் காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அரைச் சக்கர வித்தியாசம்தான், ஆனாலும் எந்த ரூபாய் என்று கேட்காமல் கணக்கு எழுத முடியாது. அப்புறம் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. இரண்டிரண்டாக மடிக்கிற கணக்கு, நம்முடைய 1024 மாதிரியேதான். அது 100 ஆனபோது பழைய பைசாவும் புதுப் பைசாவும் கலந்துவிடக் கூடாது என்று நயா பைசா என்று நாணயத்திலேயே அடித்தார்கள். 1964-ல், பழசை ஜனங்கள் மறந்த பிறகுதான் நயாவை எடுத்தார்கள். காய்கறி விற்கிறவர் ஏமாந்துவிடக் கூடாது என்று ஒரு அரசாங்கம் அவ்வளவு யோசித்திருக்கிறது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் ஒருவரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே 1024 கணக்குக்கு என்று தனிப் பெயர்கள் வைத்தது: கிபி, மெபி, டெபி என்று. விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் பக்கம் சில இடங்களில் அவை புழங்குகின்றன, விண்டோஸ் திரைக்கு இன்னும் வரவில்லை. தமிழில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கிலோவுக்கு வைத்த பெயரையும் ஜிகாவுக்கு வைத்த பெயரையும் நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் கிபிதான். ஜ போட்டு எழுதினால் ஜிபி என்று ஆகி, பழைய குட்டையிலேயே விழும். அதனால் எனக்குப் புதுப் பெயரும் வேண்டாம். டிஸ்க், பென்டிரைவ், ஃபைல் எல்லாவற்றுக்கும் ஆயிரத்தால் வகுத்துக் காட்டுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். 1024-ஐ ரேமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ராத்திரி, என்னிடம் இருந்த ஒரே பேக்கப் டிரைவைத் தம்பியிடமே விட்டுவிட்டு வெறுங்கையோடு மலையிறங்கினேன். அவன் வேறு டிரைவ் வாங்கி வேலையை ஆரம்பிக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இருபது வீட்டுக் கல்யாணத்துக்கு நான் என்ன பதில் சொல்வது என்று படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் ஆரியங்காவிலிருந்து பெண்ணின் மாமா வந்தார். கல்யாண வீடியோவை 64 ஜிபி பென்டிரைவில் போட்டு, அதற்கான காசையும் பில்லில் சேர்த்திருந்தேன். அவர் வீட்டில் மாட்டிப் பார்த்திருக்கிறார், 59 சொச்சம் காட்டியிருக்கிறது. "சேட்டா, இதில் அறுபத்திநாலு இல்லல்லோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பார்வையில், எடை குறைத்துப் போட்ட கடைக்காரனைப் பார்க்கிற பார்வை இருந்தது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அந்தப் பார்வையை நான் யாரிடமும் வாங்கியதில்லை. பென்டிரைவை மாட்டி, பைட் கணக்கைத் திறந்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேப்பரில் 1024-ஐ மூன்று தடவை பெருக்கி, வகுத்துக் காட்டினேன். முக்கால் மணி நேரம். அடுத்த பார்ட்டி வெளியே காத்துக்கொண்டிருந்தது.

இப்போது ஸ்டுடியோவிலிருந்து போகும் ஒவ்வொரு டிரைவிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அதில் ஜிபி, டிபி எதுவும் எழுதுவதில்லை. பைட் கணக்கைக் கோடியில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.