கன்னியக்கோயிலில் வெடித்த டயரும் என் பேட்டரிக் கணக்கும்

கடலூர்–புதுச்சேரி சாலையில், கன்னியக்கோயில் அருகே என் மின்சாரக் கார் ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி நின்ற புகைப்படத்தை இதற்குள் உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ‘மாமாவோட பேட்டரி புட்டுக்கிச்சு’ என்ற தலைப்போடு அதை உறவினர் குழுவில் போட்டவர் என் மைத்துனர். அதற்கு வந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ணினேன், முப்பத்தொன்று. வெடித்தது டயர் என்று நான் எழுதிய ஒற்றை வரிக்கு ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை.

என் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரை அடைக்கும் பசையும் ஒரு சிறிய காற்றுப் பம்பும்தான் கொடுத்திருந்தார்கள். பக்கவாட்டில் கிழிந்த டயரைப் பசை காப்பாற்றாது. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுழலும் என்பதால் மின்சாரக் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் ஏற்றித்தான் செல்ல வேண்டும். அதனால்தான் அந்தப் பல்லக்கு ஊர்வலம். ஸ்டெப்னி தராதது குறைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு டயர் கிழிந்ததைக் காட்டி, பெட்ரோல் காரைவிட நான் கூடுதலாகக் கொடுத்த பணத்தைச் சொல்லி, ‘நான்கு லட்சத்தைத் தூக்கிக் கடலில் போட்டார்’ என்று தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?

கணக்கைச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வர எனக்கு நாளொன்றுக்கு 44 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,100. கடலூர்க்காரர்கள் அனைவரையும் போல நானும், விலை குறைவு என்று, புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டித்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். லிட்டர் 96 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோமீட்டர் கொடுத்த என் பழைய காருக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 40 காசு. இப்போது ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் ஓடுகிறது. வீட்டு மின்கட்டணம் மேல்படிக்கு ஏறிவிட்டது என்பதற்காக யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே தாராளமாக வைத்தாலும் ஒன்றரை ரூபாயைத் தாண்டவில்லை. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 ரூபாய், ஆண்டுக்கு 66,000 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த நான்கு லட்சம் ஆறு ஆண்டில் திரும்பிவிடும். பேட்டரிக்கு உத்தரவாதம் எட்டு ஆண்டு.

இதே காரை, மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓட்டாத, ஓய்வு பெற்ற என் எதிர்வீட்டு அண்ணன் வாங்க நினைத்தபோது வேண்டாம் என்று தடுத்தவனும் நான்தான். அவருக்கு அந்த நான்கு லட்சம் திரும்ப இருபத்திரண்டு ஆண்டு ஆகும். ஓடினால்தான் லாபம். ஓடாத வண்டிக்கு மின்சாரமும் வீண், பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிடும் வீண். இதைத்தான் இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புயல் வந்து மின்சாரம் நின்றால் என்ன செய்வாய் என்பார்கள். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு எங்கள் தெரு எத்தனை நாள் இருளில் கிடந்தது என்பதை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. மின்சாரம் இல்லையென்றால் பெட்ரோல் பங்கின் பம்பும் ஓடாது. ஆம், அவர்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, என்னிடம் இல்லை. சரி, அந்த வாதத்தில் நீங்களே வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது முந்தைய இரவே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வண்டியை மேட்டில் நிறுத்தியிருந்தேன். அந்த வெள்ளத்தில் எந்த வண்டியும் வெளியே போகவில்லை என்பது வேறு விஷயம்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை எரித்து வரும் மின்சாரத்தில் ஓட்டிவிட்டுச் சுற்றுச்சூழல் பேசுகிறாயா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் எங்கே பேசினேன்? காசு மிச்சம் என்றுதான் வாங்கினேன்.

ஹைப்ரிடை நான் குறை சொல்லவில்லை. புகைப்படம் போட்ட மைத்துனரிடம் இருப்பதும் அதுதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்து, நகர நெரிசலில் எஞ்சினை ஓய்வெடுக்கவிடும் நல்ல ஏற்பாடு; சார்ஜ் தேடி அலைய வேண்டாம், மதுரைக்கும் கோவைக்கும் அடிக்கடி போகிறவருக்கு என்னுடையதைவிட அதுவே மேல். ஆனால் நிறுத்தி எடுக்கும் இடத்தில் கிடைக்கும் மிச்சம், ஒரே வேகத்தில் ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுருங்கிவிடும். வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைப்ரிடுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. மின்சாரக் காருக்கு 5. அவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் காரைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பியதுமில்லை.

டயர் வெடித்த அன்று, கைப்பேசியோடு சாலையோரத்தில் நின்ற எனக்கு முதல் அழைப்பே அவருக்குத்தான் போயிற்று. வந்தார், இறங்கினார், படம் எடுத்தார். அதன் பிறகுதான் ‘அடிபட்டதா மாமா’ என்று கேட்டார். போன ஆண்டு நள்ளிரவில் மாமனாருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது, இவர்கள் கேலி பேசும் இதே ‘பொம்மை வண்டி’தான் அவரைப் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. அன்று அதை யாரும் படம் எடுக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை மாமனாருக்கு மீண்டும் ஜிப்மரில் பரிசோதனை. ‘மாமா, வண்டி ரெடியா?’ என்று இன்று காலை மைத்துனரிடமிருந்து தனிச்செய்தி வந்திருக்கிறது. டயர் மாற்றியாயிற்று, காலை ஆறரைக்கு வாசலில் நிற்கும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.