மைக்கை அணைத்தால் போதுமா?

2020 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான கிளீவ்லாந்து விவாதத்தில் டிரம்ப் குறுக்கே குறுக்கே பேசியதும், பைடன் "கொஞ்சம் வாயை மூடுமய்யா" என்று கடுப்பானதும்தான் நாகரிகக் கேட்டின் உச்சம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024இல் பிலடெல்பியாவில் நடந்த டிரம்ப், கமலா ஹாரிஸ் விவாதத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை அணைத்து வைத்தார்கள். கூச்சல் குறைந்தது, சரி. குறுக்கீட்டை மட்டும் எண்ணினால் அது மரியாதையான விவாதம்தான்! ஆனால் அங்கேதான் டிரம்ப், ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்றார். குறி ஹைட்டியிலிருந்து வந்த கறுப்பின மக்கள். நம்பகமான புகார் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகமே சொன்னதை நெறியாளர் டேவிட் மியூர் எடுத்துக்காட்டியும், டிவியில் சொன்னார்களே என்று டிரம்ப் விடாமல் நின்றார். இரண்டே நாளில் அந்த ஊருக்கு வெடிகுண்டு மிரட்டல். பள்ளிப் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.