பேராதனை விடுதிகளைக் கெடுத்தது யார்?

பேராதனைப் பல்கலைக்கழக விடுதிகளின் பழைய நாட்களைப் பற்றி ஒரு பெரியவர் போட்ட பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேசைவிரிப்பு போட்ட சாப்பாட்டு மண்டபம், டை கட்டிய மாணவர்கள், கீழே இப்போது வருகிற பிள்ளைகளுக்கு விடுதியில் இருக்கவே தகுதியில்லை என்று ஒரு வரி. அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

பேராதனை எதற்காகக் கட்டப்பட்டது? 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை 1952இல் மகாவலிக் கரைக்குக் கொண்டுபோனபோது, மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் அடிப்படைத் திட்டம். ஜயதிலக, அருணாசலம், மார்ஸ், ஹில்டா ஒபேசேகர என்று ஹந்தான மலை அடிவாரத்தில் எழுந்த ஹோல்கள், அதாவது விடுதிகள், எல்லாம் நூலகத்தைப் போலவே படிப்பின் ஒரு பகுதி. வார்டனும் மாணவர்களோடு அதே மண்டபத்தில் சாப்பிடுவார். அப்போது வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலத்தில் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கொடுத்ததை யாரும் சலுகை என்று சொன்னதில்லை.

அப்புறம் 1945இன் இலவசக் கல்வியில் படித்த பிள்ளைகள் வளர்ந்து வந்தார்கள். 1960இல் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிக்க வழி வந்தது. கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அனுமதி கூடிய வேகத்தில் கட்டடம் கூடவில்லை. ஒருவருக்கென்று கட்டிய அறையில் இரண்டு கட்டில், பிறகு அதற்கும் மேலே. விடுதியைக் கெடுத்தது அந்தப் பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கென்று கட்டாமல் விட்டவர்கள்.

நான் பேராதனையில் படிக்கவில்லை. வேறு ஊரில், போர்டிங்கில் இருந்து படித்தவன். இரவு பத்து மணிக்கு வீட்டுக்கார அம்மா மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். பரீட்சைக் காலத்தில் பஸ் நிலையத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து நோட்ஸ் படித்திருக்கிறேன். வாடகை கூடிய மாதங்களில் அப்பா ஊரில் யாரிடம் கடன் வாங்கினார் என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதனால்தான் சொல்கிறேன், விடுதி படிப்பின் பகுதி. அது இல்லாமல் படித்தவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அரசிடம் காசு இல்லை என்பீர்கள். சரி, எதற்குத்தான் காசு இருந்தது? அதைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பமில்லை.

விடுதியில்தான் பகிடிவதை (ராகிங்) நடக்கிறது, மூடினால் நல்லது என்று அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. பேராதனையில் ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால் செத்த பிறகுதான் 1998இல் அதற்குச் சட்டமே வந்தது. ஆனால் பிள்ளைகளோடு கூட இருந்து பார்க்கிற வார்டன்மார் வேண்டும் என்று கேளுங்கள் தம்பி. கதவைப் பூட்டிவிட்டால் அந்த முதலாம் வருடப் பிள்ளை எங்கே போய்ப் படுக்கும்?

இன்னொருவர் கேட்டது நெஞ்சில் தைத்தது. 1983ஐ மறந்துவிட்டீர்களா, பேராதனை மேல் உங்களுக்கு என்ன பாசம் என்கிறார். எப்படி மறப்பது? அந்த மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர்கள் அடிவாங்கி ஊர் திரும்பினார்கள். தமிழர்களைத் தேடித்தேடிக் கொன்ற அந்த ஜூலைக் கலவரம் அதற்குப் பிறகுதான் வந்தது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே இயக்கம் நடத்திய பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர் ஒரு ஹோலில் இருக்கிறது, அவர் தமையன் இராமநாதனின் பெயர் இன்னொன்றில். அந்த வளாகத்திலேயே நம் பிள்ளைகள் பயந்து ஓடினார்கள். அந்த வலி இருக்கிறபடியால்தான் இவ்வளவு கத்துகிறேன். இன்றைக்கும் முல்லைத்தீவிலிருந்து ஒரு பெண்பிள்ளை பேராதனைக்குப் போகிறாள். சிங்களம் தெரியாது, கண்டியில் சொந்தக்காரர் யாரும் இல்லை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். கலஹா வீதியில் வீடு வீடாக ஏறி அறை கேள் என்று அவளுக்குச் சொல்லப்போகிறீர்களா?