ரொக்கமாகக் கொடுத்தாலும் வாய்ப்புச் செலவு உண்டு
கடனில் வாங்கினால்தான் கூடுதல் செலவு, கையில் இருக்கும் பணத்தில் வாங்கினால் பொருளின் விலையோடு முடிந்துவிடும் என்று இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. வாய்ப்புச் செலவு என்பது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு. என் தம்பி சேமிப்பை எடுத்து லேப்டாப் வாங்கக் கிளம்பினான், கடன் இல்லாமல் வாங்குகிறோம் என்று அவனுக்குப் பெருமை. ஆனால் அதே நேரத்தில் அவனுடைய கிரெடிட் கார்டு பாக்கி மாதம் 3 சதவீத வட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். அந்தப் பணத்தில் பாக்கியை அடைத்தால் மிச்சமாகும் வட்டிதான் லேப்டாப்பின் வாய்ப்புச் செலவு, கடை பில்லில் அது வராது. ஸ்டேட்மென்டை எடுத்துக் காட்டியதும் பழைய லேப்டாப்புக்கு பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு பாக்கியை முடித்தான். அப்புறம், இப்படிக் கணக்குப் பார்த்தால் எதையுமே வாங்க முடியாது என்று மேலே இன்னொரு வாசகர் கருத்து எழுதியிருக்கிறார். கைவிடும் எல்லாவற்றையும் கூட்டச் சொல்லவில்லையே, அடுத்தபடியாகச் சிறந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். 2009இல் ஆய்வாளர் ஷேன் பிரடெரிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வாங்காவிட்டால் பணம் வேறு செலவுக்கு இருக்கும் என்று ஒரே ஒரு வரி நினைவூட்டியதுமே, டிவிடி வாங்குவோம் என்றவர்கள் 75 சதவீதத்திலிருந்து 55 ஆகக் குறைந்தார்கள். அப்போதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாங்குவதாகத்தான் சொன்னார்கள்.