மூன்று இன்டர்செப்ஷனும் ஆறு கோடி டாலரும்

போன ஞாயிறு அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் முடிவதற்கு முன்பே என் மகன் தீர்ப்பு எழுதிவிட்டான். "அப்பா, இந்த கார்னர் சுத்த வேஸ்ட். இவரை முதல்ல கழட்டி விடணும்." அவனுக்குப் பதினாலு வயது. கையில் போன், போனில் அந்த ஆட்டக்காரரின் கணக்கு: இந்த சீசனில் இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது) பூஜ்யம். வழக்கு முடிந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பிறந்த 2011-இல், அவனை மடியில் போட்டுக்கொண்டு, வேறொருவரைப் பார்த்து இதே வார்த்தையை நானும் சொன்னவன்தான். அந்த ஆளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைப்பு. அமெரிக்கன் ஃபுட்பால் பிடிக்காதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம், பதிவு நீளம்.

நாங்கள் இருப்பது டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூஜெர்சியில். ஆற்றைத் தாண்டினால் பிலடெல்பியா. அந்த ஊர் அணியான ஈகிள்ஸ் தோற்ற மறுநாள் ஆபீசில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வந்த புதிதில் யார் வீட்டிலோ துக்கம் என்றே நினைத்தேன். அப்படிப்பட்ட ஊரில் 2011 ஜூலை 29 அன்று ஒரு செய்தி வந்தது: ஓக்லண்ட் ரைடர்ஸின் கார்னர் நாம்டி ஆசம்வா ஈகிள்ஸில் சேர்கிறார். ஐந்து வருடம், 6 கோடி டாலர், அதில் இரண்டரைக் கோடி உறுதிப்பணம். அன்றைக்கு ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்றிருப்பவர்) சந்தையில் இருந்தவர்களில் எல்லோரும் தேடிய ஆள் அவர்தான். சில நாளில், மாற்று குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசுபவர்) வந்த வின்ஸ் யங் வாய் தவறி "ட்ரீம் டீம்" என்று சொல்லி வைத்தார். அந்த இரண்டு வார்த்தை அந்த அணியைச் சனி பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டது.

கார்னர், அதாவது கார்னர்பேக்கின் வேலை என்ன? எதிரணியில் ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் அதைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. முடிந்தால் பந்தைத் தானே பிடித்துவிடுவது, அதுதான் இன்டர்செப்ஷன். டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுவதும், விளம்பரத்துக்குப் போவதும் அந்த இரண்டாவதுதான்.

இனி நாம்டியின் கணக்கைப் பாருங்கள். ஓக்லண்ட் ரைடர்ஸ் அவரை 2003-இல் ட்ராஃப்டின் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது) முதல் சுற்றில் எடுத்தது. முதல் மூன்று வருடம் ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. 2006-இல் எட்டு. அதற்கப்புறம் 2007-இல் ஒன்று, 2008-இல் ஒன்று, 2009-இல் ஒன்று, 2010-இல் எதுவுமில்லை. ஆக, நாலு வருடத்துக்கு மொத்தம் மூன்று. என் மகனிடம் கொடுத்தால் அந்த நாலு வருடத்தில் நாலு முறை கழட்டி விட்டிருப்பான். ஆனால் லீக்கின் தலைசிறந்த கார்னர்களில் ஒருவர் என்று அவர் பேர் வாங்கியது அதே நாலு வருடத்தில்தான். 2008, 2009, 2010 என்று வரிசையாக மூன்று முறை ப்ரோ பௌல் (லீக்கின் ஆல்-ஸ்டார் ஆட்டம்). காரணம் ரொம்ப எளிது: எட்டு முறை சூடு பட்டபின் யாரும் அவர் பக்கம் பந்தை வீசவில்லை. கிரிக்கெட்டில் நாலு ஓவருக்குப் பதினெட்டு ரன் மட்டும் கொடுக்கும் ஸ்பின்னருக்கு விக்கெட் விழாது, மறுமுனையில் போடுபவனுக்கு விழும். அந்தக் கதைதான்.

அடுத்த கணக்குதான் எனக்கு இன்னும் சிரிப்பு வரவழைப்பது. பிலடெல்பியாவில் எல்லோரும் அவரைத் திட்டித் தீர்த்த அந்த 2011 சீசனில் அவர் எடுத்த இன்டர்செப்ஷன் எத்தனை தெரியுமா? மூன்று. ஓக்லண்டில் கொடிகட்டிப் பறந்த நாலு வருடத்தில் எடுத்த அதே மூன்று, இங்கே ஒரே வருடத்தில். எண்ணிக்கை ஏறியது, ஏனென்றால் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயம் விட்டுப் போயிருந்தது.

ரைடர்ஸில் அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மைதானத்தின் ஒரு ஓரம் அவருடையது. ரிசீவருக்கு எதிரே ஒரு கை நீளத்தில் நிற்பார். ஆறடி இரண்டு அங்குலம், நீளமான கைகள். பந்து கிளம்பியதும் ரிசீவர் ஓட முதல் அடி வைப்பான், அந்த நொடியில் இவர் உள்ளங்கை அவன் மார்பில் இருக்கும். தள்ளுவது என்றுகூடச் சொல்ல முடியாது, சும்மா ஒரு தடை. அரை நொடி போச்சு. குவார்ட்டர்பேக்குடன் பேசி வைத்த கணக்கெல்லாம் அந்த அரை நொடியில் கலைந்துவிடும். அப்புறம் கடைசிவரை அவனை ஓரக்கோட்டை ஒட்டியே ஓட வைப்பார். முதுகுக்குப் பின்னால் பந்து எங்கே போகிறது என்ற கவலை அவருக்கு வேண்டாம். ஒரே ஆள், ஒரே ஓரம். இதற்குப் பெயர் பிரஸ் மேன் கவரேஜ். ஓக்லண்டில் அணி முதலாளி அல் டேவிஸ் காலம் காலமாக நம்பிய ஆட்டமுறை அது.

ஈகிள்ஸ் அவரை வாங்கியது அதற்காக என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அணியில் ஏற்கனவே அசான்டே சாமுவேல் இருந்தார், தள்ளி நின்று குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்துப் பந்தைத் திருடுவதில் கெட்டிக்காரர். அதே வாரத்தில் அரிசோனாவிலிருந்து டொமினிக் ராட்ஜர்ஸ்-குரோமார்ட்டியும் வந்து சேர்ந்தார். ஓரம் இரண்டு, கார்னர் மூன்று. ஆக நாம்டியை உள்ளே நகர்த்து, ஸ்லாட்டில் (ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில்) நிறுத்து, டைட் எண்டை (முன்வரிசையை ஒட்டி நிற்கும் பெரிய ரிசீவர்) பார்க்கச் சொல், சில நேரம் கடைசிக் காவலான சேஃப்டி மாதிரி பின்னால் விடு. ஸோன் கவரேஜ் ஆடச் சொல், அதாவது ஆளைப் பார்க்காதே, இடத்தைக் காவல் கா. கபடி பார்ப்பவர்களுக்கு உடனே புரியும்: வலது கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தே பேர் வாங்கியவனைக் கவரில் நிறுத்தி, ஓடிப் போய் டேஷ் அடி என்பது போல. அவனும் டிஃபெண்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனுடைய பத்து வருடப் பழக்கம் கணுக்காலில் அல்லவா இருக்கிறது?

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் யார்? ஹுவான் காஸ்டீயோ. அந்த வருடம்தான் அவர் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தடுப்பாட்டத்தின் பொறுப்பாளர்) ஆனார். அதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேல் அதே அணியில் ஆஃபென்சிவ் லைன் (தாக்கும் பக்கத்தின் முன்வரிசை) பயிற்சியாளர். நல்ல மனிதர், கடும் உழைப்பாளி என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் சமையற்கட்டில் இருபது வருடம் இருந்தவரைத் திடீரென்று கல்லாவில் உட்கார வைத்தால் சில்லறை தடுமாறத்தானே செய்யும். போதாக்குறைக்கு 2011 லாக்அவுட் வருடம், ஒப்பந்தத் தகராறில் முதலாளிகள் ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். மார்ச் முதல் ஜூலைக் கடைசிவரை அணியோடு பயிற்சியே இல்லை. புதுப் பயிற்சியாளர், புது முறை, புது ஆட்கள், கையில் சில வாரம்.

செப்டம்பர் 25, ஜயன்ட்ஸ் ஆட்டம். விக்டர் க்ரூஸ் என்று ஒரு பையன், ட்ராஃப்டில் எந்த அணியும் எடுக்காதவன், அதுவரை பேர்கூடத் தெரியாது. முதலில் 74 யார்டு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது): பந்தைப் பிடித்தவனை சேஃப்டி கர்ட் கோல்மன் கோட்டைவிட்டார், நாம்டியும் மடக்கவில்லை. நாலாவது கால்பகுதியில் 28 யார்டு. பந்து மேலே மிதந்து வருகிறது, கீழே நாம்டி, இன்னொரு சேஃப்டி, நடுவில் க்ரூஸ். பிடித்தது க்ரூஸ். 29-16 என்று தோற்றோம். நான் ரிமோட்டை சோபாவில் எறிந்தேன், குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. "ஆறு கோடி டாலர்!" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. என் மனைவி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார், ஒரு வார்த்தை பேசாமல்.

அடுத்த வாரம் 23-3 என்று முன்னிலையில் இருந்து 24-23 என்று சான் ஃபிரான்சிஸ்கோவிடம் தோற்றது தனிக் கதை. அந்த சீசன் 8-8 (எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி) என்று முடிந்தது.

அந்தப் பழைய ஆட்டங்களை ரொம்ப நாள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் என் கோபத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. டிவி கேமரா பந்தைத்தான் துரத்தும். கார்னர் பெரும்பாலும் படத்துக்கு வெளியே நிற்கிறான், பந்து வந்து இறங்கும் கடைசி நொடியில்தான் சட்டகத்துக்குள் வருகிறான். அப்போது அவன் பக்கத்தில் ரிசீவர் தனியாக நின்றால், "இவன் ஆளை விட்டுட்டான்" என்று முடிவு கட்டுகிறோம். அது அவன் ஆளா, சேஃப்டி பார்க்க வேண்டிய ஆளா என்று நமக்கு எப்படித் தெரியும்? 22 பேரையும் உயரத்திலிருந்து காட்டும் பயிற்சியாளர்களின் படத்தை லீக் ரசிகர்களுக்குத் திறந்துவிட்டதே 2012-இல்தான். அதைப் பார்க்கப் பழகிய பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கார்னரை எடைபோடப் பந்து அவனிடம் வராத நேரங்களைப் பார்க்க வேண்டும். ரிசீவரின் இடுப்புக்கும் அவன் இடுப்புக்கும் எவ்வளவு தூரம், திரும்பும்போது எத்தனை அடி வீணாகிறது, பந்து கிளம்பும் முன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கையைக் காட்டிக் கேள்வி கேட்கிறானா. இந்தக் கடைசியைச் சேர்த்ததற்குக் காரணமே 2011 நாம்டிதான். ஓக்லண்டில் எதிரே நிற்பவனைத் தவிர யாரையும் பார்க்காத மனிதர், இங்கே தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

சரி, அவர்மேல் தப்பே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த 2011 ஈகிள்ஸ் 50 சேக் (வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை மடக்கி வீழ்த்துவது) எடுத்த அணி, லீக்கிலேயே யாரும் அதைத் தாண்டவில்லை. ஜேசன் பேபின் மட்டும் 18. அதாவது எதிரணி குவார்ட்டர்பேக்குக்கு நிற்க நேரமில்லை. முன்வரிசை இவ்வளவு செய்தால் பின்னால் நிற்கும் கார்னர் சாதாரண ஆளாக இருந்தாலும் கெட்டிக்காரனாகத் தெரிய வேண்டும். அதற்கு நேர்மாறாக நடந்தது. மடக்கிப் பிடிப்பதிலும் நாம்டிக்கு ஆர்வம் குறைவாகவே எனக்குப் பட்டது, அதற்குக் காஸ்டீயோ என்ன செய்வார்?

2012 இன்னும் சிக்கல். அசான்டே சாமுவேலை அட்லான்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள், ஓரம் இவருக்கே திரும்பக் கிடைத்தது. சாக்கு தீர்ந்தது. அக்டோபர் 14, டெட்ராய்ட் ஆட்டம். எதிரே கால்வின் ஜான்சன், அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரிய ரிசீவர் கிடையாது. மூன்று கால்பகுதிவரை நாம்டி அவரைத் தலை தூக்க விடவில்லை. "பழைய ஆள் வந்துட்டார்" என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். நாலாவதில் கவரேஜை மாற்றினார்கள், ஜான்சன் விழித்துக்கொண்டார், 10 புள்ளி முன்னிலை கரைந்து ஓவர்டைமில் 26-23 என்று தோல்வி. இரண்டே நாளில் காஸ்டீயோ வேலை போனது, டாட் பௌல்ஸ் வந்தார்.

அதற்கப்புறம்தான் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பயிற்சியாளர் மாறியும் நாம்டி மாறவில்லை. வேகமான ரிசீவர்கள் அவரை நேராகத் தாண்டி ஓடினார்கள். மார்பில் கை வைக்கும் அந்த அரை நொடி தப்பினால், முன்பெல்லாம் ஓடிப் பிடித்துவிடுவார். இப்போது கால் வரவில்லை. வயது 31. மேன் கவரேஜ் ஆடும் கார்னருக்கு முதலில் போவது அந்தக் கால்தான், மூளைக்கும் கைக்கும் ஒன்றும் ஆவதில்லை. 4-12 என்று சீசன் முடிந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடையே அனுப்பிவிட்டார்கள், மார்ச்சில் நாம்டியையும் விடுவித்தார்கள். 2013-க்கு அவர் சம்பளம் ஒன்றரைக் கோடி டாலர், அந்த நிலைமையில் யார் கொடுப்பார்கள்?

ஆகவே என் கணக்கு இப்படி: 2011-க்குப் பெரும்பங்கு பழி அணியின் மேல். வாங்கிய பொருள் எதற்கு என்று தெரியாமல் வாங்கினார்கள். 2012-க்கு நாம்டியேதான் பொறுப்பு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஏமாற்றுக்காரன்" என்று இன்றைக்கும் இந்த ஊரில் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. அவர் அடுத்து சான் ஃபிரான்சிஸ்கோ போனார், நவம்பரிலேயே அங்கேயும் விட்டுவிட்டார்கள். டிசம்பரில் ரைடர்ஸ் வீரராகவே ஓய்வு பெற்றார். இப்போது நடிகர், தயாரிப்பாளர்.

நேற்று இரவு மகனுக்கு 2008 ரைடர்ஸ் ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்தான். "அப்பா, இவர் பக்கம் பால் வரவே இல்ல, வேற வீடியோ போடுங்க" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை கார்னரின் 22 பேர் படத்தைப் போட்டேன். மூன்றாவது முறை பந்து கிளம்பியபோது அவனே நிறுத்தச் சொன்னான். "இரு இரு, இது சேஃப்டியோட ஆள்தானே?" என்றான். பின்னால் ஓட்டினோம். இன்னும் எங்களுக்குள் முடிவாகவில்லை.