திம்பம் ஏத்தத்துல டர்போ வண்டி ஓட்டறவங்களுக்கு

டர்போ (இஞ்சினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பற சின்ன விசிறி) வண்டிய ஆஃப் பண்றதுக்கு முன்னால ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்கன்னு, டர்போ வண்டி பராமரிப்பு பத்தின கட்டுரைல போட்டது சரிதானுங்க, ஆனா அதவிட முக்கியமானது விட்டுப்போச்சு. சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரில இருந்து மலைமேல திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு, அதுல நம்ம பசங்க கியர் குறைக்காம மூணாவதுலயே 1500 ஆர்பிஎம்ல (இஞ்சின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து) ஆக்சிலேட்டர முழுசா மிதிக்கறாங்க, சின்ன டர்போ பெட்ரோல் இஞ்சினுக்கு இதாங்க எமன், ஸ்பார்க் அடிக்கறதுக்கு முன்னாடியே உள்ள பெட்ரோல் பத்திக்கிட்டு பிஸ்டன் உடையற அளவுக்குக்கூட போயிரும். ரெண்டாவதுக்கு எறக்கி 2500க்கு மேல வச்சு முறுக்குங்க, அத இஞ்சின் தாங்கும்.

காலைல எடுத்த உடனேயும் முறுக்க வேண்டாமுங்க, டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வந்தாலும் அது தண்ணி சூடுதான், ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, அதுக்கு அந்த ஆயில் படலம் ஒண்ணுதான் துணை. மேல போயி டீக்கடைல சடக்குன்னு ஆஃப் பண்ணா டர்போ பேரிங்ல நின்ன ஆயில் கருகி கரியா ஒட்டிக்கும், கடைசி ரெண்டு கிலோமீட்டர் மெதுவா போனாலே நல்லா ஆறிரும்.

அப்பறம் ஆயில் டப்பால ஏபிஐ எஸ்பின்னு (அமெரிக்க பெட்ரோலிய அமைப்போட ஆயில் தரக் குறி) இருக்கான்னு பாத்து வாங்குங்க, 2020ல வந்த அந்தத் தரத்துல நான் மொதல்ல சொன்ன, ஸ்பார்க்குக்கு முன்னாடியே பத்திக்கற தொந்தரவுக்கும் டெஸ்ட் இருக்குது, மேனுவல்ல சொன்ன கிரேடும் (ஆயிலோட கெட்டித்தன்மை) ஒத்துப் போகோணும்.