ஐடியா எப்படி என்று கேட்காதீர்கள், ஆடக் கொடுங்கள்

"மேலிருந்து துண்டுகள் விழும். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். ஜெயிக்கவே முடியாது, கடைசியில் எப்படியும் தோற்பீர்கள்."

இதை யாராவது ஒரு வீடியோ கேமுக்கான ஐடியாவாக எழுதிக் கொண்டுவந்து "ஐடியா எப்படி?" என்று கேட்டால், எத்தனை பேர் "உடனே ஆரம்பி" என்று சொல்வோம்? 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் இதைச் செய்த எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதிகூட இல்லை. அடைப்புக்குறி எழுத்துகளைச் சேர்த்துத்தான் துண்டுகளைக் காட்டினார். டெட்ரிஸின் ருசி அந்த அடைப்புக்குறிகளிலேயே தெரிந்துவிட்டது. மேலே உள்ள நான்கு வரியில் அது இல்லை.

ஏன் இல்லை? வாக்கியத்தில் எண்கள் இல்லை, ஆட்டமோ எண்களில்தான் இருக்கிறது. "ஹீரோ குதிப்பான்" என்று எழுதுகிறோம். 4 அலகு உயரம், உச்சியைத் தொட 0.4 நொடி என்று வைத்தால் ஈர்ப்பு 2×4÷0.16, அதாவது 50. கிளம்பும் வேகம் 20. அதே உயரத்துக்கு 0.7 நொடி கொடுத்தால் ஈர்ப்பு 16 சொச்சமாக இறங்கிவிடும், ஆள் நிலாவில் மிதப்பது போல் இருக்கும். இரண்டுக்கும் வாக்கியம் ஒன்றுதான். செலஸ்டே ஆட்டத்தில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் 0.1 நொடி வரை குதிக்க விடுகிறார்கள். திரையில் நொடிக்கு 60 படம், அதாவது 60 ஃப்ரேம் ஓடுகிறது என்றால் வெறும் 6 ஃப்ரேம். அந்த ஆறை எடுத்துவிட்டால் ஆடுபவர் "அழுத்தினேன், குதிக்கலையே" என்று எரிச்சல்படுவார். பக்கத்தில் நின்று பார்ப்பவர் ஐடியாவே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

ப்ரோட்டோடைப், அதாவது ஆடிப் பார்க்க ஒரு கச்சா மாதிரி, செய்து பார் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரைதான். அந்த ப்ரோட்டோடைப் மொக்கையாக இருந்தால் குற்றம் ஐடியாவிலா, எண்களிலா? இந்தக் கேள்வியில்தான் நல்ல ஐடியாக்கள் செத்துப்போகின்றன. தூக்கிப் போடுவதற்கு முன் முக்கியமான மூன்று எண்களை எடுங்கள்: வேகம், இடைவெளி, தண்டனையின் அளவு என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் ஒருமுறை இரண்டு மடங்காக்கி, ஒருமுறை பாதியாக்கி ஆடிப் பாருங்கள். 10, 20 சதவீதம் நகர்த்தினால் எதுவும் தெரியாது. இரண்டு ஓரத்துக்குப் போயும் ஆட்டத்தின் குணம் மாறவில்லை என்றால் ஐடியாவில் சத்து இல்லை. ஏதோ ஓர் ஓரத்தில் சட்டென்று உயிர் வந்தால் பிழை எண்களில் இருந்தது.

சண்டை ஆட்டம் என்றால் இன்னொன்றும் வேண்டும். ஆட்களை வரைவதற்குப் பதில் வெறும் சாம்பல் பெட்டிகளை வைத்துச் சோதிப்பது சரி, படம் பிறகு வரட்டும். ஆனால் அடி விழும் அதே ஃப்ரேமில் ஒரு சத்தம், இரண்டு மூன்று ஃப்ரேம் எல்லாம் உறைந்து நிற்பது, எதிரி கொஞ்சம் பின்னால் நகர்வது, இவை முதல் நாளே இருக்க வேண்டும். இவை இல்லாமல் சோதித்தால் அந்த வெறுமைக்குத்தான் மதிப்பெண் போடுகிறோம்.

செய்பவருக்கே தெரியாமல் போவதும் உண்டு. அரக்கர்களை அடித்து வீழ்த்தும் டயாப்லோ முதலில் டர்ன் பேஸ்ட், அதாவது சதுரங்கம் போல் முறை வைத்து ஆடும் ஆட்டமாகத்தான் உருவானது. முறைக்குக் காத்திராமல் ஓடும் ரியல் டைமாக மாற்றலாம் என்ற பேச்சு வந்தபோது அதை எழுதிக்கொண்டிருந்த டேவிட் ப்ரெவிக்கே எதிர்த்தார். பிறகு சில மணி நேரத்தில் மாற்றிப் பார்த்தார். எலும்புக்கூட்டின் மேல் ஒரு கிளிக், ஓர் அடி, அத்தோடு விவாதம் முடிந்தது.

எதிர்ப் பக்கத்தில் பொய்யான வெற்றி இருக்கிறது. பொருள்கள் உருண்டு மோதிச் சிதறும் எதுவும் முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு வரவைக்கும். அதை நம்பாதீர்கள். ஆட்டத்தைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம் தனித்தனியாக 20 நிமிடம் கொடுங்கள். வாய் திறக்காதீர்கள், விளக்காதீர்கள். தோற்றதும் யாரும் சொல்லாமலே மறுபடி தொடங்குகிறார்களா, நீங்கள் வைக்காத இலக்கைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்களா, எந்த நிமிடத்தில் கண் வேறெங்கோ போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கு" என்று அவர்கள் சொல்வதை எழுதவே வேண்டாம். அது உங்கள் மேல் உள்ள அன்பு.

ஒரு ப்ரோட்டோடைப்புக்கு ஒரே கேள்வி. நிண்டெண்டோவின் ஸ்ப்ளட்டூன் ஆட்டத்தின் தொடக்கம் டோஃபு துண்டு போன்ற கட்டிகள் மை பீய்ச்சி இடம்பிடிப்பது, அவ்வளவுதான். செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டு ஆட்டத்துக்கு முன் அதே நிறுவனம் 1986ஆம் ஆண்டின் முதல் செல்டா போலவே தட்டையாக ஒன்றைச் செய்து, நெருப்பும் மரமும் காற்றும் ஒன்றோடொன்று எப்படி வினைபுரிகின்றன என்று பார்த்தது. மலையோ வானமோ அந்தக் கேள்விக்குத் தேவைப்படவில்லை.

கோட் எழுதாமலே மதிப்பிட முடிகிறவையும் உண்டு. சீட்டு ஆட்டத்துக்கு அறுபது துண்டுக் காகிதம் போதும். காசு சேர்த்து மேம்படுத்தும் ஆட்டத்தை எக்செல்லில் ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் விலை 1.15 மடங்கானால் 10 முறையில் 4 மடங்கு, 50 முறையில் 1,080 மடங்குக்கு மேல். வருமானம் அதோடு ஓடாவிட்டால் ஆட்டம் எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்பது எக்செல் கட்டங்களிலேயே தெரியும். செலவையும் முன்கூட்டியே கணக்கிடலாம். இரண்டு இரண்டாகப் பிரியும் கதையில் ஒவ்வொரு பாதையிலும் பத்து முடிவெடுக்கும் இடங்கள் வைத்து எதையும் மறுபடி இணைக்காவிட்டால் கதைக்கு 1,024 வெவ்வேறு முடிவுகள் எழுத வேண்டும். இந்தக் காரணத்துக்காக ஓர் ஐடியாவைக் காகிதத்திலேயே நிராகரிப்பது நியாயம்.

கதையை நம்பி நிற்கும் ஆட்டங்களுக்கு மேலே சொன்ன முறை பெரிதாக உதவாது. மூன்றாவது மணி நேரத்தில் வரவேண்டிய மனக் கனத்தை ஓர் அறையை மட்டும் கட்டிச் சோதிக்க முடியாது. ஒரு அத்தியாயத்தையாவது முழுதாகச் செய்துதான் பார்க்க வேண்டும். அது மாதக்கணக்கு, வேறு வழி இல்லை.

மற்றவற்றுக்கு மூன்று நாள், அதிகம் போனால் ஒரு வாரம் என்று முதலிலேயே நாள் குறித்துவிடுங்கள். கைவிடும்போது என்ன கேள்வி, எந்த எண்களை எதுவரை நகர்த்திப் பார்த்தீர்கள், யார் எந்த நிமிடத்தில் நிறுத்தினார்கள் என்று அந்த ஃபோல்டரிலேயே நாலு வரி எழுதி வையுங்கள். எழுதிய நிரலை அழித்தாலும் பரவாயில்லை. மறுபடி எடுத்தால் தொடாத எண் எது என்று அந்த நாலு வரியைப் பார்த்தே தொடங்கலாம்.